ஒளி சுமக்கும் பெயர்கள்

பிறந்த குழந்தைக்குப் பெற்றோர் அளிக்கும் முதற்கொடை அதன் பெயரே. ஆடையும் அணியும் நாள்பட நைந்துபோகும், சொத்தும் கைமாறும். பெயரோ வாழ்நாள் முழுதும் உடன்வருவது. மறுமை நாளில் மனிதர் தம் பெயராலும் தம் தந்தையர் பெயராலும் அழைக்கப்படுவர் என்றும், ஆதலின் பெயர்களை அழகுறச் சூட்ட வேண்டும் என்றும் கருத்தமைந்த நபிமொழி ஒன்றை இமாம் அபூதாவூத் பதிவு செய்துள்ளார். அதன் அறிவிப்புத் தொடரில் முறிவு உண்டென ஹதீஸ்கலை அறிஞர் சுட்டியிருப்பினும், அக்கருத்துக்கு அரணாக நிற்கும் நிகழ்ச்சிகள் உறுதியான நூல்களில் உள்ளன. 'மாறு செய்பவள்' எனப் பொருள்படும் 'ஆஸியா' என்னும் பெயரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் 'ஜமீலா' என மாற்றினார்கள். ஸஈத் இப்னுல் முஸய்யிப் (ரஹ்) அவர்களின் பாட்டனார் 'ஹஸ்ன்' என்பார். கரடுமுரடு என்பது அதன் பொருள். அதனை 'ஸஹ்ல்', அதாவது எளிமை, என மாற்ற நபியவர்கள் முன்வந்தபோது, தந்தை இட்ட பெயரை மாற்றேன் என்றார் அவர். அதன்பின் எங்கள் குடும்பத்தில் அக்கடுமை நீங்கவே இல்லை என்று பேரர் வருந்திச் சொன்னதை இமாம் புகாரி பதிந்துள்ளார்.

பெயரின் பொருளுக்கு மார்க்கம் இத்துணை மதிப்பளிக்க, நம் காலத்துப் பெற்றோர் பலர் ஓசையின் இனிமை ஒன்றையே அளவுகோலாகக் கொள்கின்றனர். அவ்வாறு தேர்ந்தெடுப்போரும் பெரிதும் விரும்புவது 'ஒளி' எனப் பொருள் தரும் பெயர்களையே. உலகின் பற்பல மக்களும் தம் பிள்ளைகளுக்கு ஒளியின் பெயரைச் சூட்டியே வந்துள்ளனர். ஆனால் 'ஒளி' என்னும் ஒரே சொல்லால் நாம் விளக்கிவிடும் பெயர்கள் யாவும் ஒரே பொருளுடையன அல்ல. எந்த ஒளியை நம் பிள்ளையின்மேல் சூட்டுகிறோம் என்பதை அறிந்து சூட்டுவதே அறிவுடைமை. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

திருமறையின் ஒளிச்சொற்கள்

அருள்மறையாம் திருக்குர்ஆன் கதிரவனை 'ளியா' என்றும் நிலவை 'நூர்' என்றும் குறிக்கின்றது (10:5). வேறோரிடத்தில் நிலவை 'நூர்' என்றும் கதிரவனை 'ஸிராஜ்' என்றும் (71:16), மற்றோரிடத்தில் கதிரவனை 'ஸிராஜ்' என்றும் நிலவை 'முனீர்' என்றும் (25:61) கூறுகின்றது. 'ளியா' என்பது வெம்மையோடு கூடிய வலிய ஒளி. 'நூர்' கண்ணுக்கு இதமான, பரந்த பொருளுடைய ஒளி. 'ஸிராஜ்' எரிந்து ஒளிதரும் விளக்கு. 'முனீர்' ஒளியைப் பிறர்க்கு வழங்குவது. இவை விரிவுரையாளர்கள் காட்டும் வேறுபாடுகள்.

இவ்விடத்தில் மேடைகளில் அடிக்கடி கேட்கும் ஒரு கருத்தைச் சீர்தூக்குதல் தகும். 'நூர்' என்றாலே பிறிதொன்றிலிருந்து பெற்று எதிரொளிக்கும் ஒளி என்று சிலர் அறிவியலோடு இணைத்து விளக்குவர். நிலவைப் பொறுத்தவரை அது பொருந்தலாம். ஆயினும் அச்சொல்லுக்கே அதுதான் அகராதிப் பொருள் எனக் கொள்ளுதல் இயலாது. வானங்களுக்கும் பூமிக்கும் நூராக அல்லாஹ்வையே திருமறை குறிப்பிடுகின்றதன்றோ (24:35)? எவரிடமும் ஒளியை இரவல் பெறாதவனுக்கும் அச்சொல் வழங்கப்பட்டிருப்பதால், அதன் பொருளைக் குறுக்குவது முறையன்று.

அதே வசனத்தில் 'மிஷ்காத்', 'மிஸ்பாஹ்', 'ஸுஜாஜா', 'கவ்கப்' என்னும் சொற்களும் வருகின்றன. மிஸ்பாஹ் விளக்கு; ஸுஜாஜா அதனைக் காக்கும் கண்ணாடி; கவ்கப் விண்மீன்; மிஷ்காத் விளக்கு வைக்கும் மாடம். இன்று பெண்மக்களுக்குச் சூட்டப்படும் 'மிஷ்காத்' என்னும் பெயருக்கு 'ஒளி' என்று பொருள் கூறுவது பிழை. அது ஒளியை ஏந்திக் காக்கும் இடம். வீட்டுச் சுவரில் மாடக்குழி அமைத்து விளக்கேற்றிய தலைமுறைக்கு இதன் அழகு எளிதில் விளங்கும்.

நபிகள் நாயகத்தை (ஸல்) இறைவன் 'ஸிராஜ் முனீர்' எனச் சிறப்பிக்கின்றான் (33:46). கதிரவனுக்குரிய 'ஸிராஜ்', நிலவுக்குரிய 'முனீர்' ஆகிய இரண்டும் ஒருங்கே அவர்களுக்கு வழங்கப்பட்டுள்ளன. ஒரு விளக்கிலிருந்து ஆயிரம் விளக்குகளை ஏற்றினும் முதல் விளக்கின் ஒளி குன்றாது என்னும் நயத்தை இங்கே அறிஞர்கள் எடுத்துரைப்பர். ஸிராஜுத்தீன், முனீர் என்னும் பெயர்களைச் சூட்டுவோர் இதனை மனங்கொள்ளல் வேண்டும்.

பட்டம் பெயரான வரலாறு

நூருத்தீன், ஷம்சுத்தீன், கமருத்தீன், பத்ருத்தீன், ஸிராஜுத்தீன், ளியாவுத்தீன், நஜ்முத்தீன் முதலிய பெயர்கள் நம்மிடையே மிகுதி. மார்க்கத்தின் ஒளி, கதிரவன், நிலவு, முழுமதி, விளக்கு, சுடரொளி, விண்மீன் என்பன முறையே அவற்றின் பொருள். நபித்தோழர்கள் காலத்தில் இத்தகைய பெயர்களைக் காண்பதில்லை. 'தீன்' என முடியும் இவை பிற்காலத்தில் ஆட்சியாளர்க்கும் அறிஞர்க்கும் வழங்கப்பட்ட 'லகப்' என்னும் பட்டங்கள். சிலுவைப் போர்க்காலத்தில் சிரியாவை ஆண்டு 1174இல் மறைந்த நூருத்தீன் ஸன்கீயின் இயற்பெயர் மஹ்மூத். 'நூருத்தீன்' என்பது அவருடைய பட்டம். காலப்போக்கில், சிறப்பாக இந்தியத் துணைக்கண்டத்தில், பட்டங்களே பிறவிப் பெயர்களாயின.

ஒரு பச்சிளங்குழந்தையை 'மார்க்கத்தின் கதிரவன்' என அழைப்பது தற்புகழ்ச்சி ஆகாதா என்னும் வினா இங்கே எழுகின்றது. இது புதிய வினாவன்று. 'பர்ரா', அதாவது நற்குணம் நிறைந்தவள், என்ற பெயரில் தன்னைத்தானே தூய்மைப்படுத்திப் பேசும் சாயல் இருப்பதாகக் கருதி, நபி (ஸல்) அவர்கள் அதனை 'ஸைனப்' என மாற்றினார்கள். இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் 'முஹ்யித்தீன்' என்னும் பட்டத்தால் தம்மை அழைப்பதை விரும்பவில்லை என அவர்தம் வரலாறு கூறுகின்றது. எனினும், தலைமுறை தலைமுறையாக எண்ணற்ற நல்லடியார்கள் இப்பெயர்களைத் தாங்கி வாழ்ந்துள்ளனர். பெற்றோர் இப்பெயரைப் பெருமையின் உரிமைகோரலாக அல்லாது, 'இறைவா, இவனை அவ்வாறு ஆக்குவாயாக' என்னும் துஆவாகக் கருதுவாரானால் அங்கே தற்புகழ்ச்சிக்கு இடமில்லை. பெயர் ஒரு பிரார்த்தனை, சான்றிதழ் அன்று.

பெண்மக்களுக்கு 'நிஸா' என முடியும் பெயர்களும் இவ்வகையினவே: நூருன்னிஸா, கமருன்னிஸா, பத்ருன்னிஸா. இங்கே அரபு இலக்கணத்தின் ஓர் இனிய செய்தியைச் சுட்டலாம். 'அல்' என்னும் முன்னொட்டின் லாம் சில எழுத்துகளுக்கு முன் மறைந்து, அடுத்த எழுத்தை இரட்டிக்கச் செய்யும். அவை 'ஷம்ஸிய்யா', அதாவது கதிரவ எழுத்துகள். லாம் மறையாது ஒலிப்பவை 'கமரிய்யா', அதாவது நிலவு எழுத்துகள். 28 எழுத்துகளில் 14 அவ்வகை, 14 இவ்வகை. 'தீன்', 'நிஸா' என்பவற்றின் முதலெழுத்துகள் கதிரவ எழுத்துகளாதலின் 'நூருத்தீன்', 'நூருன்னிஸா' என இரட்டித்து எழுதுவதே முறை. 'ஹுதா', 'ஐன்' என்பன நிலவு எழுத்தில் தொடங்குவதால் 'நூருல் ஹுதா', 'நூருல் ஐன்' என லாம் ஒலிக்கும்.

தருமபுரியில் கலந்த இரு மரபுகள்

இப்பெயர்கள் தமிழகத்திற்கு ஒரே வழியில் வந்தவையல்ல என்பதற்குத் தருமபுரி மாவட்டம் நல்ல சான்று. பாராமகால் எனப்பட்ட இந்நிலப்பகுதி ஹைதர் அலி, திப்பு சுல்தான் ஆட்சியில் இருந்து, 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் ஆங்கிலேயர் வசமாயிற்று. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம்களும் தக்னி உருது பேசும் முஸ்லிம்களும் இங்கே ஒரே பள்ளிவாசலில் தோளொட்டித் தொழுகின்றனர். அவர்கள் பெயர்களும் அவ்வாறே அருகருகே நிற்கின்றன.

தமிழ் மரபினர் நோன்பு மாதத்தை 'ரமளான்' என்கின்றனர். உருது மரபினர் 'ரம்ஜான்' என்கின்றனர். 'ளாத்' என்னும் ஒரே அரபு எழுத்து, தமிழ் நாவில் ளகரமாகவும், பாரசீகத்தின் வழியே உருது பேசுவோர் நாவில் ஜகரத்தை ஒட்டிய ஒலியாகவும் நிலைபெற்றதே இதற்குக் காரணம். ஆகவே 'ளியாவுத்தீன்', 'ஜியாவுதீன்' என்பன இரு வேறு பெயர்கள் அல்ல, ஒரே பெயர். ஒன்றைச் சரி என்றும் மற்றொன்றைப் பிழை என்றும் வாதிடுவது வீண்.

உருது மரபின் வழியே பாரசீக ஒளிப்பெயர்களும் இங்கு வந்து சேர்ந்தன. ஆஃப்தாப், குர்ஷித் என்பன கதிரவனைக் குறிப்பன. மஹ்தாப் நிலவொளி, ரோஷன் ஒளிமிக்கது, அக்தர் விண்மீன். பர்வீன் என்பது தமிழர் கார்த்திகை எனக் குறிக்கும் விண்மீன் கூட்டம். ஒரே வகுப்பில் அமர்ந்திருக்கும் பர்வீனும் கார்த்திகாவும் ஒரே விண்மீன்களின் பெயரைத் தாங்கியுள்ளனர் என்பதை அவ்விருவருக்கும் எடுத்துச் சொல்லும் ஆசிரியர் உண்டாயின் எத்துணை நன்று! திப்பு சுல்தான் தம் செப்புக் காசுகளுக்கு முஷ்தரி, ஸுஹ்ரா, பஹ்ராம், அக்தர், குத்பு என விண்பொருள்களின் பெயர்களையே சூட்டியிருந்தார். வியாழன், வெள்ளி, செவ்வாய், விண்மீன், துருவமீன் என்பன அவற்றின் பொருள். அவற்றுள் ஸுஹ்ராவும் அக்தரும் இன்றும் நம் வீடுகளில் வழங்கும் பெயர்கள்.

நூர்ஜஹான் என்பது இரு மொழிகள் கைகோத்த பெயர். 'நூர்' அரபு; 'ஜஹான்' பாரசீகத்தில் உலகம். முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரின் துணைவியாருக்கு இது பட்டமாக வழங்கப்பட்டது. அவருடைய பிறவிப் பெயரான மெஹ்ருன்னிஸாவும் ஒளிப்பெயரே. 'மிஹ்ர்' என்பது பாரசீகத்தில் கதிரவன்; அன்பு என்றும் பொருள்படும். இதனை 'மஹருன்னிஸா' என எழுதுவோர் உளர். 'மஹர்' அரபியில் மணக்கொடை. ஓர் உயிரொலி மாறியதும் பெண்களின் கதிரவன் பெண்களின் மணக்கொடையாகி விடுகின்றாள்!

பிற மக்களின் ஒளிப்பெயர்கள்

அரபியின் உடன்பிறந்த மொழிகளில் இதே வேர் வேறு வடிவங்களில் தழைத்துள்ளது. எபிரேயத்தில் 'நேர்' என்பது விளக்கு. 'மெனோரா' விளக்குத் தண்டு. யூதர்கள் வழங்கும் 'மெயிர்' என்னும் பெயர், 'ஒளிதருபவன்' எனப் பொருளால் நம் 'முனீர்' என்பதற்கு நேரானது. சிரியாக் மொழியில் 'நூரா' என்பது நெருப்பு. அரபியில் நெருப்பைக் குறிக்கும் 'நார்' என்பதும் 'நூர்' என்பதும் ஒரே வேரின. ஒளியிடமாகிய 'மனாரா' என்னும் அரபுச் சொல்லே பள்ளிவாசலின் மினாராவாயிற்று. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோசி 1814-15இல் கடற்கரையில் எழுப்பிய 'மனோரா' என்னும் கோபுரத்தின் பெயரும் அதன் வழிவந்ததே. 'ஸிராஜ்' என்னும் அரபுச் சொல் ஈரானிய மொழியிலிருந்து அரமேயம் வழியாக வந்தது என மொழியறிஞர் கூறுவர். பாரசீக, உருது மொழிகளின் 'சிராக்' அதன் உறவுச்சொல்.

இலத்தீனில் ஒளியைக் குறிக்கும் 'லக்ஸ்' என்பதிலிருந்து 'லூசியா' பிறந்தது. துருக்கியர் நிலவைக் குறிக்கும் தம் சொல்லோடு நூரை இணைத்து 'அய்நூர்' எனப் பெண்மக்களை அழைக்கின்றனர். மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் 'நூர்' என்பது பெயர்களின் முன்னொட்டாகவே பரவியுள்ளது. மலாய் மொழியில் ஒளியைக் குறிக்கும் 'சஹாயா' வடமொழியின் 'சாயா' என்பதிலிருந்து வந்தது. வடமொழியில் அதற்கு நிழல் என்னும் பொருளே முதன்மையானது. நம் அண்டை வீட்டாரின் ஜோதி, தீபா, பிரகாஷ், பிரபா முதலியன வடமொழி ஒளிப்பெயர்கள். சுடர்க்கொடி, கதிரவன், இளம்பரிதி, நிலா என்பன தமிழ் ஒளிப்பெயர்கள்.

தமிழில் ஒளிப்பெயர் சூட்டலாமா?

முஸ்லிம் குழந்தைக்குத் தமிழ்ப் பெயர் சூட்டுதல் ஆகுமா என்று சிலர் வினவுகின்றனர். பெயர் அரபியில் இருந்தே ஆக வேண்டும் என்பதற்குக் கட்டளை எதுவும் இல்லை. பொருள் நன்றாக இருக்க வேண்டும் என்பதே விதி. அல்லாஹ்வுக்கு மிக விருப்பமான பெயர்கள் அப்துல்லாஹ், அப்துர் ரஹ்மான் என்பன என நபிமொழி (முஸ்லிம்) கூறுவது சிறப்பைக் காட்டுவது; ஏனையவற்றைத் தடுப்பதன்று. பாரசீகச் சொல்லாகிய பர்வீனையும் ரோஷனையும் தயங்காது ஏற்ற நமக்கு, நிலா என்பதிலும் சுடர் என்பதிலும் தயக்கம் ஏன்? நம் முன்னோர் தம் இதழ்களுக்குப் பிறை, மணிவிளக்கு, மணிச்சுடர் எனத் தூய தமிழ் ஒளிச்சொற்களையே சூட்டி மகிழ்ந்தனர்.

எல்லை எங்கே உள்ளது என்பதையும் தெளிதல் வேண்டும். குறைஷியர் முன்னோருள் ஒருவர் பெயர் 'அப்து ஷம்ஸ்', அதாவது கதிரவனின் அடிமை. அத்தகைய பெயரை இஸ்லாம் ஏற்காது. கதிரவனுக்கும் நிலவுக்கும் சிரம் பணியாமல், அவற்றைப் படைத்தவனுக்கே பணியுமாறு திருமறை ஆணையிடுகின்றது (41:37). ஆனால் 'ஷம்ஸ்' என்னும் பெயருக்குத் தடையில்லை. கதிரவனை உவமையாகக் கொள்ளுதல் வேறு. அதற்கு அடிமையாதல் வேறு. 'அந்நூர்' என்பது திர்மிதீ பதிந்துள்ள 99 திருநாமப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. ஆகவே அதனோடு அடிமைத்தன்மையை இணைப்போர் 'அப்துந்நூர்' என்கின்றனர். இந்த அளவுகோலைத் தமிழ்ப் பெயர்களுக்கும் பொருத்திப் பார்த்தால் எது ஆகும், எது ஆகாது என்பது தானே விளங்கும். வேறு சமயத்தாரின் வழிபாட்டுக்குரிய பெயர்களைத் தவிர்ப்பதும் இதில் அடங்கும்.

பெற்றோர் கவனத்திற்கு

பெயர்ப் பட்டியல்களை நம்பிப் பொருள் அறியும் வழக்கம் இன்று பெருகியுள்ளது. அவற்றில் மலிந்துள்ள பிழைகளுக்குச் சில சான்றுகள் காண்போம். 'மாஹிரா' என்பதைப் பாரசீகத்தில் நிலவைக் குறிக்கும் 'மாஹ்' என்பதோடு இணைத்து மயங்குகின்றனர். அது 'திறமை மிக்கவள்' என்னும் பொருளுடைய அரபுச் சொல். 'ஸோயா' கிரேக்கத்தில் உயிர்வாழ்வைக் குறிக்கும் சொல்லிலிருந்து உருசிய மொழி வழியே வந்தது. 'ளியா' என்பதோடு அதற்கு உறவில்லை. தமிழில் 'ஸனா' என ஒரே வடிவில் எழுதப்படும் பெயர் அரபியில் மூன்று சொற்களாக இருக்கலாம். ஒன்று மின்னல் ஒளி (24:43), மற்றொன்று உயர்வு, இன்னொன்று புகழ்மொழி. 'அன்வர்' மிக ஒளிர்பவன், 'அன்வார்' ஒளிகள். 'முனவ்வர்' ஒளியூட்டப்பட்டவன், 'முனீர்' ஒளியூட்டுபவன். 'கமர்' அரபியில் நிலவு. ஆயின் தமிழ் அகராதியிலோ அச்சொல் நிலவெடிப்பைக் குறிக்கும். எனவே பெயரைத் தமிழில் எழுதுமுன் அதன் அரபு வடிவைக் கற்றறிந்த ஒருவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்வது நலம்.

எழுத்து வடிவத்தில் கவனம் வேண்டுவதற்கு உலகியல் காரணமும் உண்டு. 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்திற்கு 2023இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, 1.10.2023 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், கடவுச்சீட்டு முதலியவற்றில் பிறப்புச் சான்றிதழே பிறந்த நாளுக்கும் இடத்திற்கும் ஆதாரம். அதில் பதிவாகும் பெயரே பின்வரும் ஆவணங்களுக்கு அடிப்படையாகும். நூர்தீன், நூருதீன், நூருத்தீன் என ஆவணத்திற்கு ஒரு வடிவமாய் எழுதி, பின்னர் ஹஜ் பயணத்திற்கோ வெளிநாட்டு வேலைக்கோ விண்ணப்பிக்கும்போது அலைந்து திரியும் குடும்பங்கள் பல. மருத்துவமனையில் அவசரமாக ஒரு பெயரைச் சொல்லிவிட வேண்டிய கட்டாயமில்லை. பெயரின்றியே பிறப்பைப் பதிந்து, பன்னிரண்டு மாதங்களுக்குள் கட்டணமின்றியும், அதன்பின் பதினைந்து ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்துடனும் பெயரைச் சேர்க்கச் சட்டம் இடமளிக்கின்றது. ஏழாம் நாள் பெயர் சூட்டும் நபிவழியும் சிந்தித்துத் தேர்வதற்கு வாய்ப்பளிக்கின்றது.

புதுமை நாட்டத்தால் நம் பாட்டியர் பெயர்களை, 'பழைய பெயர்' என ஒதுக்கும் மனப்பான்மையும் மாற வேண்டும். கமருன்னிஸாவும் நூர்ஜஹானும் பொருள் தேய்ந்த பெயர்கள் அல்ல. புழக்கம் குறைந்ததால் பொருளை நாம் மறந்தோம், அவ்வளவே.

திருமறையில் இருளைக் குறிக்கும் 'ளுலுமாத்' எப்பொழுதும் பன்மையிலேயே வருகின்றது. 'நூர்' எப்பொழுதும் ஒருமையிலேயே வருகின்றது (2:257). வழிகேடுகள் பல; நேர்வழி ஒன்றே என்பது அறிஞர்கள் இதிலிருந்து பெறும் பாடம். ஒளிப்பெயர்களும் மொழிக்கு மொழி பலவாக இருப்பினும், அவை வேண்டி நிற்பது ஒன்றையே. எவருக்கு அல்லாஹ் ஒளியை வழங்கவில்லையோ அவருக்கு ஒளியே இல்லை என்று அருள்மறை எச்சரிக்கின்றது (24:40). ஆதலின் பெயரைச் சூட்டியதோடு பெற்றோர் கடமை முடிந்துவிடுவதில்லை. பிள்ளைக்கு விவரம் தெரியும் பருவத்தில், 'உன் பெயரின் பொருள் இது. இதனை வேண்டியே உனக்குச் சூட்டினோம்' என்று அருகமர்த்திச் சொல்லித் தருதல் வேண்டும். தன் பெயரின் பொருளை அறிந்து வளரும் பிள்ளை, ஒவ்வொரு முறை அழைக்கப்படும்போதும் பெற்றோரின் துஆவைக் கேட்கின்றது.